குழந்தைகள்: இல்லை

1

இந்த வருடமும் என்னைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் இன்னும் ரங்கூன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் யாங்கோனுக்கு நான் கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருடமாகிறது. இந்திய பாஸ்போர்ட்டை விட மனம் வராததால், வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளலாம் என்று முத்திரை வாங்கி வர வேண்டும். கூடவே ஒரு படிவம். கணவர் பெயர், முகவரி, உடலில் அடையாளம், குழந்தைகள் எத்தனை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடைசிக் கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதி வந்தேன். இந்த வருடம் 'இல்லை' என்று எழுதினேன்.

பதற வேண்டாம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. நான் இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து தேங்காய்ப்பால் நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கயல், அடையாள அட்டையில் ஸூ ஸூ. மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். நான் பெற்ற பெண்தான். ஆனால் காகிதத்தில் நான் அவளுக்கு அத்தை.

மதுரையிலிருந்து என் தம்பி போனில் இதைக் கேட்டுவிட்டு, பாதியில், "அக்கா, நீ நல்லாத்தான இருக்க?" என்றான். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

என்னைப் பற்றி ஒன்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு. வேலை போயிற்று, வியாதி போகவில்லை. புள்ளி விட்டுப்போன எழுத்தைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இங்கே வந்த முதல் வாரம் கோயில் வாசலில் 'காலனிகளை வெளியே விடவும்' என்று ஒரு பலகை இருந்தது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகிறது, இனி எந்தக் காலனியை யார் விட வேண்டும் என்று கேட்டு, கரித்துண்டால் நானே 'ணி' என்று திருத்தினேன். புது மருமகள் கோயில் சுவரில் கிறுக்கினாள் என்று தாமுவே பேட்டை முழுக்கப் பேச்சு.

2

என் கணவர் செல்வத்தின் முன்னோர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். அதே ஆற்றங்கரையில், அலோனில் ஒரு சரக்குக் கிடங்கில், செல்வம் இப்போது மேற்பார்வையாளர். ஐந்து தலைமுறையில், மூட்டை தூக்குவதிலிருந்து மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பது வரை முன்னேறிவிட்டோம் என்பார். அவருக்கு இங்கே முழுக் குடியுரிமை உண்டு. எனக்கு இல்லை. கயல் எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்துவிட்டாள்.

சிக்கல் அதுதான். இங்கே அப்பாவும் அம்மாவும் குடிமக்கள் என்றால் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை. ஒருவர் அந்நியர் என்றால் மனுப்போட்டு, காத்திருந்து, கிடைத்தால் பச்சை அட்டை. சின்ன வயதில் கொடுத்த அட்டையைப் பதினெட்டில் மாற்றப் போனபோது யாரோ என் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான்கு வருடமாக அவளுடைய மனு 'பரிசீலனையில்' இருந்தது. பரிசீலனைச் சீட்டைக் காட்டியே கல்லூரியில் ஓட்டினாள். இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இறுதி வருடத்துக்குள் நுழைய அட்டை வேண்டும், டாக்டராகப் பதிவு செய்ய அட்டை வேண்டும், வெளிநாடு போக அட்டை வேண்டும். பச்சை அட்டைக்காரர் டாக்டர் ஆகலாமா என்று கேட்டால் ஒரே அறையில் மூன்று மேசையில் மூன்று பதில் சொன்னார்கள். அட்டை வராவிட்டால் என் மகள் உடம்பிலுள்ள எல்லா எலும்பின் பெயரும் தெரிந்த, டாக்டர் ஆகாத பெண். எங்கள் வீட்டில் அந்த வருடம் முழுக்க இருந்த ஒரே கவலை இது. வேறு கவலைகள் இதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

கயலுக்குத் தமிழ் புரியும். பதில் பர்மியத்தில் வரும். அவசரம் என்றால் இரண்டும் கலந்து வரும். எழுத வராது. சின்ன வயதில் அகர வரிசை சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தபோதெல்லாம் நான் திருத்தும் வேகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டாள். தப்பு என்னுடையதுதான். என்னை 'மேமே' என்றுதான் கூப்பிடுவாள். பர்மியத்தில் அம்மாவுக்குச் செல்லச் சொல். 'அம்மா' என்று அவள் வாயால் நான் கேட்டதில்லை.

செல்வத்தின் அக்கா மாடியில் எங்களுக்கு மேல் வீட்டில் இருக்கிறார். நான் அண்ணி என்பேன், கயலுக்கு அத்தை. கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. அண்ணியும் செல்வமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் அட்டையில் இனம் என்ற கட்டத்தில் செல்வம் 'இந்தியா'. தமிழ் என்று எழுதச் சொன்னதற்கு, அப்படி ஒன்று பட்டியலில் இல்லை என்றார்களாம். அண்ணியோ 'பர்மா'. அவர் பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, கொண்டையில் பூ வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றார். பசியோடு இருந்த எழுத்தர் முகத்தைப் பார்த்து எழுதிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி சுத்தமான பர்மியர், தம்பி சுத்தமான இந்தியர். ஒரே அடுப்பில் சாம்பார் வைக்கிறார்கள்.

3

இங்கே இளைய பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு மொழி படிக்கிறார்கள். ஜப்பான், கொரியா, ஜெர்மன். எங்கே கதவு திறக்கும் என்று தெரியாததால் எல்லாச் சாவியும் செய்து வைத்துக்கொள்கிறார்கள். கயல் ஜெர்மன். லத்தாப் பேட்டையில் ஒரு கருவாட்டு மொத்தக் கடைக்கு மேலே வகுப்பு. வாத்தியார் ஜெர்மன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். காய்கறி, இறைச்சி வகையில் அவருடைய ஜெர்மனைக் குறை சொல்ல முடியாது என்பாள்.

ஒரு நாள் வாசிப்புப் பயிற்சி என்று ஒரு பக்கம் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டுமாம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் ஜெர்மனில் வாசித்து, பர்மியத்தில் யோசித்து, தமிழில் சொன்னாள்.

"மேமே, இவன் பேரு எர்வின். என்னை மாதிரி, டாக்டருக்குப் படிக்கிறான். ஹிட்லர் காலம். இவன் அப்பா யூதக்காரு. அம்மா யூதக்காரு இல்ல. அதனால இவன் பாதி."

"பாதி என்ன?"

"பாதி ஆளு. இதுக்கு ஒரு சொல்லு இருக்கு. மிஷ்லிங்." அகராதியைப் புரட்டினாள். கொஞ்சம் சிரித்தாள். "மேமே, த்வேநோன்னு போட்டிருக்கு. ரத்தக் கலப்பு. இது நம்ம மனுவுல எழுதியிருக்கிற சொல்லு."

கதை இதுதான். நான்கு தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணி ஆளை எடை போடும் சட்டம் வருகிறது. எர்வினைக் கல்லூரியிலிருந்து நிறுத்துகிறார்கள். அவன் அம்மா ஒரு காரியம் செய்கிறாள். அலுவலகத்துக்குப் போய், என் மகன் என் கணவருக்குப் பிறந்தவன் அல்ல, எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவருக்குப் பிறந்தவன் என்று சத்தியம் செய்கிறாள். ஆர்கன்காரர் செத்து வெகுநாளாயிற்று, மறுக்க மாட்டார். அலுவலகம் சும்மா விடவில்லை. எர்வினுக்கு உடற்கூறு நடத்திய பேராசிரியரே அவன் காதையும் மூக்கையும் அளந்து, ஆர்கன்காரர் இருந்த பழைய புகைப்படத்தோடு ஒப்பிடுகிறார். காது பொருந்துகிறது. சான்றிதழ் வருகிறது. எர்வின் மறுபடி வகுப்புக்குப் போனான். அத்துடன் பக்கம் முடிந்தது.

கீழே ஒரு கேள்வி: எர்வினுடைய பிரச்சினை என்ன?

வகுப்பில் பதினொரு பேர். அவர்கள் எழுதிய பதில்களைக் கயல் சொன்னாள். வார்டு அலுவலகத்தில் சிபாரிசுக் கடிதம் வாங்காமல் போயிருக்கிறான். தாத்தா பாட்டியின் அட்டை நகலை மூன்று பிரதி வைக்கவில்லை. வீட்டு உறுப்பினர் பட்டியலின் அசலைக் கொண்டுபோகவில்லை. கயல் எழுதியது: புகைப்படத்தின் பின்னணி நிறம் தவறாக இருந்திருக்கும். வாத்தியார் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார். பிறகுதான் புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தாராம். 'அந்தச் சட்டம் அநியாயமானது' என்று இருந்ததாம். பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

நான் சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அங்கே நடந்ததையும் இங்கே எங்களுக்கு நடப்பதையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு வாய் வராது. அங்கே உயிர்கள் போயின. எங்கள் வீட்டுக்குப் போனது சில மதியங்களும் நான்கு வருடமும்தான். இதே நாட்டில் வேறு பலருக்கு அதைவிடப் பெரியது போயிருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் அகராதியில் அவ்வளவு சுலபமாக, ஒரே வரியில் கிடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

4

பத்து நாள் கழித்து அட்டை அலுவலகத்திலிருந்து வரச்சொல்லி ஓலை வந்தது. எங்களுடையது மூன்றாம் மாடி. பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழே வருகிறவர்கள் அதன் கிளிப்பில் கடிதத்தையோ கீரையையோ மாட்டி மணியை ஆட்டினால் நாங்கள் இழுத்துக்கொள்வோம். அன்று கீரையும் ஓலையும் ஒன்றாக வந்தன.

எங்கள் கோப்பைப் பார்க்கும் பெண் அதிகாரியை ஸயாமா என்போம், பர்மியத்தில் டீச்சரம்மா. நல்ல மனுஷி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு நடந்தது முழுக்க அவருடைய நல்ல மனசால் நடந்தது. நானும் செல்வமும் போய் உட்கார்ந்ததும் லபெத் கிண்ணத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். ஊறிய தேயிலையும் வறுத்த பயறும். தின்னச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பெண் நன்றாகப் படிக்கிறாள். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நான் வழி பார்த்தேன். உங்கள் நாத்தனார் பர்மா இனம். இறந்துபோன அவர் கணவரும் குடிமகன். பிள்ளை இல்லை. அவருடைய ரத்தம் சுத்தம்."

"போன மாதம்தான் பரிசோதித்தோம். சர்க்கரை முந்நூறு இருந்தது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?"

"கறையான் தின்றுவிட்டது. பிரசவம் பார்த்த இடத்தையும் மூடிவிட்டார்கள்."

"மிகவும் நல்லது," என்றார் மனதார. "அப்படியானால் பெண் அவருக்குப் பிறந்தவள் என்று மூன்று பேரும் எழுதிக்கொடுங்கள். உங்கள் வீட்டில் வளர்கிறாள், அவ்வளவுதான்."

என் பதிவுப் புத்தகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் 'குழந்தை ஒன்று' என்று இருக்கிறதே என்றேன். அது வேறு பிரிவு, அந்தக் கோப்பும் இந்தக் கோப்பும் இதுவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை, அடுத்த முறை மட்டும் மறக்காமல் 'இல்லை' என்று எழுதிவிடுங்கள் என்றார்.

ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கயலின் தாய் அண்ணி. அப்படியானால் அண்ணியின் தம்பி செல்வம் யார்? தாய்மாமன். தாய்மாமன் பெண்டாட்டி நான் யார்? அந்த இடத்தில் எனக்குத் தலை சுற்றியது. அப்பாவின் அக்காவும் நமக்கு அத்தைதான், தாய்மாமன் மனைவியும் நமக்கு அத்தைதான். அண்ணியிடமிருந்த 'அத்தை'யை எனக்குக் கொடுத்து, என்னிடமிருந்த 'அம்மா'வை அண்ணிக்குக் கொடுத்தால் கோப்பு நேராகிவிடுகிறது. ஒரு சொல் மிஞ்சவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் செல்வம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "இனிமே தாய்மாமன் சீரு வேற நாந்தான் செய்யணும்."

எர்வினுடைய அம்மாவை நினைத்துக்கொண்டேன். அப்பா விஷயத்தில் பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. அப்பா யார் என்பது எப்போதுமே யாரோ சொல்லித்தான் தெரிகிறது. அம்மா அப்படியில்லை, சம்பவ இடத்திலேயே இருந்திருக்கிறாள். எனக்கு வலித்தது. ஆனால் எர்வின் வகுப்புக்குத் திரும்பிப் போனானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை, இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுப்பதில் என்ன போயிற்று என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது சமாதானம் அவ்வளவாக வேலை செய்யவில்லை.

5

விசாரணை நாளில் பிரசவம் பற்றிக் கேட்பார்கள் என்று ஸயாமா சொல்லியிருந்தார். ஆகவே என் பிரசவத்தை அண்ணிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. நோட்டும் பேனாவுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"வலி எப்ப எடுத்துச்சு மீனா?"

"விடியக்காலை நாலு மணி, அண்ணி."

"எத்தனை மணி நேரம்?"

"பதினாலு."

எழுதிக்கொண்டார். மறுநாள் ஒப்பிக்கச் சொன்னபோது இருபது மணி நேரம் என்றார்.

"அண்ணி, பதினாலு."

"அது ஒனக்கு. எனக்கு அப்ப வயசு கூட. தலைப்பிரசவம். இருபது ஆவும்."

கயல் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, அத்தை சொல்வதுதான் மருத்துவப்படி சரி என்றாள். என் பிரசவத்தைப் பற்றி நான் சொல்வது தப்பாகிப் போனது.

நாளுக்கு நாள் அது அண்ணியின் பிரசவமாயிற்று. மழை கொட்டியது என்றார். கொட்டவில்லை. கரண்ட் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிள்ளை பிறந்தது என்றார்.

"கரண்ட் போகலையே அண்ணி."

"என் பிரசவத்துல போச்சு."

நர்ஸ் திட்டினாள், அதற்கு அவர் என்ன பதில் சொன்னார், பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது என்றெல்லாம் சொன்னார். அந்த ஒற்றைக் கண் உண்மை. நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

இதற்கிடையில் கயல் எர்வின் பாடத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து எங்கள் காதுகளை அளந்தாள். அவளுடைய காதும் அத்தையின் காதும் மடல்வரை ஒன்று. என் காது எதிலும் சேரவில்லை. அவளுடையது அப்பா வழிக் காது, யாரும் இரண்டாம் முறை அளக்கத் தேவையில்லாமல் தெரிகிற விஷயம். இருந்தும் நான் அன்று மாலை கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

வாய் தவறக்கூடாது என்று ஒரு வாரம் வீட்டிலேயே பழகினோம். அண்ணி 'மேமே'. நான் 'அடோ', பர்மியத்தில் அத்தை. முதல் இரண்டு நாள் விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது கயல் யோசிக்காமலே, "மேமே, அந்த மீன் குழம்ப இங்க தள்ளுங்க," என்றாள். என் கை நீண்டது. அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி குழம்பைத் தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழம்பில் பாதியை அவர்தான் இவளுக்கு ஊட்டியிருக்கிறார்.

6

விசாரணைக்கு முந்தின நாள் மாலை கயல் வகுப்பிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். எர்வின் கதை அன்று முடியவில்லையாம். அசலில் பின்பக்கமும் இருந்திருக்கிறது. நகல் எடுத்த கடைக்காரர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார். வாத்தியார் இப்போதுதான் கவனித்தாராம்.

நான் கீரை ஆயவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டேன். அவள் வாசித்து, நிறுத்தி, யோசித்துச் சொன்னாள்.

எர்வின் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. போர் முடிந்தது, அந்தச் சட்டங்களும் போயின. எர்வின் டாக்டரானான். காணாமல் போனவர்களைத் தேடிக்கொடுக்கும் அலுவலகத்துக்குப் போய் அப்பாவின் பெயரைக் கொடுத்தான். ஜன்னலுக்குள் இருந்தவர் கோப்பை எடுத்துப் பார்த்து, உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு என்று கேட்டார். மகன் என்றான். இல்லையே, உங்கள் தாய் சத்தியம் செய்த பத்திரம் இருக்கிறது, காது அளந்த சான்றிதழ் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, இவருக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை என்றார். உறவினர்கள் மட்டும்தான் கேட்கலாம் என்றும் சொன்னார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னாராம். எர்வின் வருடத்துக்கு ஒரு முறை அந்த ஜன்னலுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தான்.

இந்தப் பக்கத்தின் கீழே கேள்வி எதுவும் இல்லை.

"விட்டுடலாம் கயல்," என்றேன். "பச்சை அட்டையோ, ஒண்ணுமில்லாத அட்டையோ. வர்றது வரட்டும்."

"அப்ப டாக்டர்?"

அவள் வெகுநேரம் அந்தத் தாளை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேமே, நம்ம கோப்ப பின்னால யாராச்சும் படிப்பாங்களா?"

"கறையான் படிக்கும்," என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். பூஜை அலமாரிப் பக்கம் ஏதோ தேடினாள். மதுரையிலிருந்து தம்பி அனுப்பும் நாட்காட்டி அங்கேதான் மாட்டியிருக்கும். பரீட்சைக்கு முன் சாமி கும்பிடுவது அவள் வழக்கம் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

7

மறுநாள் நான்கு பேரும் போனோம். அண்ணி பட்டில் தமேன் என்கிற பர்மியப் பாவாடை உடுத்தி, தனாக்கா பூசி, தாயாகவே வந்தார்.

ஸயாமா கேட்டார், அண்ணி சொன்னார். விடியற்காலை வலி, மழை, மெழுகுவத்தி, இருபது மணி நேரம், ஒற்றைக் கண். பக்கத்து மேசை எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். நடந்தது என்னவென்று தெரிந்தே வழி சொல்லிக்கொடுத்த ஸயாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு ஏன் வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பிறகு உறவு அட்டவணை. அதை மனுதாரரே தன் கையால் எழுத வேண்டும். கயல் எழுதினாள். தாய் என்ற கட்டத்தில் அண்ணி. தாய்மாமன் செல்வம். தாய்மாமன் மனைவி, நான். என் கட்டத்தில் மட்டும் ஒரு வரி அதிகம். உறவினர் வெளிநாட்டவராக இருந்தால் அவர் பெயரை அவருடைய மொழியிலும் எழுத வேண்டுமாம். ஸயாமா நாற்காலியை என் பக்கம் திருப்பி, "நீங்களே எழுதிவிடுங்களேன்," என்றார்.

"நானே எழுதறேன்," என்றாள் கயல். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு எழுதினாள். என் பெயர் மீனாட்சி. அவள் எழுதியதில் 'மீ' இல்லை.

ஸயாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். "இதுதான் இவருடைய பெயரா?"

"ஆமாம். எங்கள் மொழியில் இவரை இப்படித்தான் கூப்பிட வேண்டும்," என்றாள் கயல், சுத்தமான பர்மியத்தில், கண்ணைச் சிமிட்டாமல்.

ஸயாமா முத்திரையை மையில் ஒற்றினார். நான் எட்டிப் பார்த்தேன். நாட்காட்டியைப் பார்த்துப் பழகிய எழுத்து. மூன்றும் கோணல். 'அமமா' என்று இருந்தது.

அழ வேண்டிய நேரம் அது. பேசாமல் இருக்க வேண்டிய நேரமும் அதுதான். ஒரு நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் முத்திரை விழுந்து எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் நடுவில் அந்த 'ம' தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் நின்றது. கோப்பில் எத்தனை வருடம் இருக்கப்போகிறதோ, அத்தனை வருடமும் அது தப்பாக இருக்கும். பின்னால் என்றைக்காவது தமிழ் தெரிந்த ஒருவர் அதைத் திறந்தால் தப்பாகத்தான் படிப்பார். மகளின் கையிலிருந்த பேனாவை வாங்கி, குனிந்து, புள்ளியை வைத்துவிட்டேன்.

"ஐயோ, திருத்தமா?" ஸயாமாவின் கை அந்தரத்தில் நின்றது. "திருத்தம் செய்தால் ஓரத்தில் எழுத வேண்டுமே. திருத்தியவர் பெயர், மனுதாரருக்கு என்ன உறவு, கையெழுத்து. இல்லாவிட்டால் மேலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

கயல் என்னைப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தார். செல்வம் கூரை விசிறியைப் பார்த்தார். ஓரத்தில், அந்தப் புள்ளிக்கு நேராக, நான் எழுதினேன்: திருத்தியவர், மீனாட்சி. உறவு, அத்தை. கையெழுத்தும் போட்டேன்.

ஸயாமா இரண்டுக்கும் சேர்த்து முத்திரை குத்தினார். நான் இதுவரை திருத்திய பிழைகளில் அரசாங்க முத்திரை விழுந்தது அது ஒன்றுக்குத்தான்.